சமுத் சொங்க்ராம்: அரைநாள் டூர் வேண்டாம், ஒரு ராத்திரி தங்குங்க

விரிஞ்சைமதில்:

போன மாசம் அம்மாவையும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு தாய்லாந்து போய்ட்டு வந்தேன். பாங்காக், பட்டாயா பத்தி இங்க ஏற்கெனவே நிறைய இழை இருக்கு, அதை நான் தொடப்போறதில்லை. பாங்காக்குக்குத் தென்மேற்கே எழுபது எண்பது கிலோமீட்டர்ல, மேக்லோங் ஆறு கடல்ல கலக்குற இடத்துல சமுத் சொங்க்ராம்னு ஒரு மாகாணம். பேரே நமக்குப் புரியும்: சமுத்திரம், சங்கிராமம். பரப்பு 416 சதுர கிலோமீட்டர்தான், தாய்லாந்துலேயே சின்ன மாகாணம். 2019-ல மூணாப் பிரிச்ச பிறகு மிச்சமிருக்கிற வேலூர் மாவட்டத்துக்குள்ளயே அதை நாலு தடவை வைக்கலாம்.

நம்ம ஊர்லேருந்து போறவங்க முக்கால்வாசிப் பேர் காலையில வேன்ல வந்து, மேக்லோங் டவுன்ல ரயில் பாதை மேலயே கூடற தண்டவாளச் சந்தையில ரயிலைப் பார்த்து, போட்டோ எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள பாங்காக் திரும்பிடறாங்க. அது போதாதுன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

நாங்க அதே மாகாணத்துல அம்பாவாங்கற சின்ன ஊர்ல கால்வாய் ஓரமா ஒரு மரவீட்டுல தங்கினோம். வீட்டுக்குப் பின்பக்கம் படித்துறை. ராத்திரி சாப்பிட்டு வந்து உட்கார்ந்தப்போ ஒன்பது படி வெளியே தெரிஞ்சுது, கீழ சேறு. விடியக்காலையில அம்மா தட்டி எழுப்பி, "டேய், ஆறு வந்துடுச்சுடா"ன்னாங்க. போய்ப் பார்த்தா மூணு படிதான் பாக்கி. கடல் ஏறினா கால்வாய் ஏறுது, வத்தினா வத்துது. அங்க இருக்கிறவங்களுக்கு இது தினசரி சமாச்சாரம். எங்க அம்மாவுக்கு "ஆறு வந்துடுச்சு"ங்கற வார்த்தை பல வருஷத்துக்கு ஒருமுறை வாயில வர்ற வார்த்தை. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு வந்தப்போ ஊரே தட்டுல மஞ்சள் குங்குமம் பூ வெச்சு எடுத்துட்டுப் போச்சு, அம்மாவும்தான். அந்தப் பழக்கத்துலயே அம்மா, அந்த மரவீட்டுச் சொந்தக்காரம்மாகிட்ட வாசல்ல பூத்திருந்த ஒரு செம்பருத்தியைக் கேட்டு வாங்கி, கடைசிப் படியில குனிஞ்சு தண்ணியில விட்டாங்க. பூ கடல் பக்கம் போகலை. உள்நாட்டுப் பக்கமா, ஆறு எங்கேருந்து வருதோ அந்தத் திசையில மெதுவா மிதந்து போச்சு. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. வேன்ல வந்து போறவங்களுக்கு இது கிடைக்காது.

மேக்லோங் டவுன்லேருந்து கொஞ்ச தூரத்துல டோன் ஹோய் லோட்னு ஒரு இடம். ஆறு கொண்டாந்து கொட்டின மண் கடலுக்குள்ள திட்டா நிக்குது. 2001-ல ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. தண்ணி வத்தினதும் ஜனங்க அந்தச் சேத்துல இறங்கி, விரல் நீளத்துக்கு மெல்லிசா இருக்கிற ஒரு சிப்பியைப் பிடிக்கிறாங்க. எப்படித் தெரியுமா? ஈர்க்குச்சி மாதிரி ஒரு குச்சி, நுனியில சுண்ணாம்பு. பொந்துக்குள்ள குத்தினா சிப்பி துள்ளி மேலே வருது. நாங்க கரையிலேருந்து பார்த்தோம். அம்மா வெத்தலை போடறவங்க, இடுப்புல சுண்ணாம்பு டப்பா எப்பவும் இருக்கும். அதை எடுத்து அங்க உட்கார்ந்திருந்த ஒரு கிழவிகிட்ட காட்டினாங்க. அந்தம்மா மூடியைத் திறந்து விரலால தொட்டுப் பார்த்துட்டு இவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவா இல்லை.

கோயில்ல வாட் பாங் குங் மட்டும் சொல்றேன். தாய்லாந்தோட பழைய தலைநகர் அயுத்தயா இருந்த காலத்துக் கட்டடம். அரசும் ஆலும் சேர்ந்து வெளிச்சுவர் முழுக்க மூடி, ஜன்னலைச் சுத்தி வேர் நிலைச்சட்டம் மாதிரி ஓடுது. உள்ள குளுகுளுன்னு இருட்டு, தங்க ரேக்கு ஒட்டி ஒட்டி மினுமினுங்கற பெரிய புத்தர். 1767-ல அயுத்தயா விழுந்த பிறகு தக்சின் மன்னரோட படை இங்கதான் பாளையம் போட்டு பர்மியப் படையோட மோதுச்சு.

கேள்வி இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

சத்துவாச்சாரி அம்மு:

அண்ணே, படிக்கும்போதே அம்மா முகம் கண்ணுல தெரியுது. நாங்க சைவம், முட்டைகூட இல்லை. அங்க எல்லாத்துலயும் மீன் சாறு ஊத்துவாங்கன்னு சொல்றாங்களே, எப்படிச் சமாளிச்சீங்க?

விரிஞ்சைமதில்:

உண்மைதான்ம்மா. வெறும் காய் வறுவல்னு கேட்டாக்கூட மீன் சாறு விழும். அம்மாவும் சைவம்தான். "ஜே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதைக் கத்துக்கிட்டுப் போங்க. மஞ்சள் கொடியில சிவப்பா எழுதியிருக்கிற கடை ஜே கடை. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டாங்க. ஆனா அம்பாவா மாதிரி சின்ன ஊர்ல அப்படிக் கடை தேடித்தான் கண்டுபிடிக்கணும். அவல், பொடி, ரெண்டு வேளைக்குப் புளிசாதம் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. பழத்துக்குப் பஞ்சமே இல்லை, அந்த மண்ணு பம்ப்ளிமாஸுக்கும் லிச்சிக்கும் பேர்போனது.

ஒண்ணு கட்டாயம் சாப்பிடுங்க. கனோம் க்ரோக்குன்னு பேரு. பணியாரக்கல்லேதான்! அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் குழியில ஊத்தி, ஓரம் மொறுமொறுன்னும் நடு கொழகொழன்னும் எடுக்கிறாங்க. மேலே வெங்காயத்தாள் தூவுறதுக்கு முன்னாடியே வேண்டாம்னு கை காட்டினா சும்மாவும் கொடுப்பாங்க.

காட்பாடி மீட்டர்கேஜ்:

தம்பி, நான் ரயில்வேயில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். தண்டவாளச் சந்தையை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே. அந்த ரயில் பாதைக்காகவே ஒருவர் அங்கே போகலாம். நான் 2018-ல் போனேன்.

அது ஒரே ரயில் இல்லை, இரண்டு துண்டு. பாங்காக்கில் வோங்வியன் யாய் நிலையத்திலிருந்து மஹாசாய் வரை ஒரு மணி நேரம். அங்கே பாதை ஆற்றங்கரையில் முடிந்துவிடும். இறங்கி, சந்தைக்குள் நடந்து, படகில் தா சின் ஆற்றைக் கடந்து, அக்கரையில் பான் லேம் என்ற சிறிய நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து மேக்லோங் இன்னொரு ஒரு மணி நேரம். முதல் துண்டு 1904-ல், இரண்டாவது 1905-ல் திறக்கப்பட்டது. கடலோர மீனையும் சரக்கையும் தலைநகரத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. மீட்டர் கேஜ். நம் காட்பாடி - விழுப்புரம் பாதை அகலமாவதற்கு முன் எப்படி இருந்ததோ அதே அகலம், அதே ஆட்டம். வேலூர் கண்டோன்மென்டிலிருந்து திருவண்ணாமலைக்குப் போன பழைய பெட்டியில் உட்கார்ந்த மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டாவது துண்டில் ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வரும், தவற விடாதீர்கள்.

கடைசி சில நூறு மீட்டர்தான் சந்தை. வேனில் வருபவர்கள் எதிரே நின்று பார்க்கிறார்கள். நான் வண்டிக்குள் இருந்து பார்த்தேன். ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் கத்திரிக்காய். வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. கழியில் கட்டிய கூரைத்துணி ஒவ்வொன்றாக மடிந்து பின்னுக்குப் போகிறது, வண்டி தாண்டிய அடுத்த நொடி திரும்ப விரிகிறது. சில கடைகளில் மீன் தட்டுக்குக் கீழே சின்னச் சக்கரம். இழுத்தால் உள்ளே, தள்ளினால் வெளியே. தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் கீரைக்கூடையை யாரும் தொடவில்லை. வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று அவர்களுக்குத் தெரியும், கூடை அதற்குக் கீழேதான் இருக்கிறது. அந்தச் சந்தைக்கு அவர்கள் வைத்த பேர் "தலாட் ரோம் ஹுப்", குடை மடக்கும் சந்தை.

ஒரு நாளைக்கு நாலு வண்டி வரும், நாலு வண்டி போகும். நான் போனபோது ஒவ்வொரு துண்டுக்கும் பத்து பாட் டிக்கெட். பராமரிப்பு என்று சில சமயம் பாதையை மூடிவிடுவார்கள், கிளம்புவதற்கு முன் விசாரிக்கவும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. அந்த மண்ணிலிருந்து போகிறவர்கள் மேக்லோங் வண்டியில் ஏறாமல் வரக்கூடாது.

விரிஞ்சைமதில்:

ஐயா, அம்மாவுக்கு நடக்கக் கஷ்டம்னு நாங்க பாங்காக் தெற்கு பஸ் நிலையத்துலேருந்து மினிவேன்ல நேரா போயிட்டோம். நீங்க எழுதினதைப் படிச்ச பிறகு அது தப்புன்னு தோணுது.

ஆம்பூர்க்காரன்:

நானு வேன்ல போயி ஏமாந்தவன், அதச் சொல்லிடறேன். ஓட்டல் கவுண்டர்ல "மிதக்கும் சந்தை, ரயில் சந்தை ரெண்டும்"னு காசு வாங்கிகினாங்க. காலைல இட்னு போனது தம்னோன் சதுவாக். அது பக்கத்து மாகாணம் ராட்சபுரி, அம்பாவா கிடையாது. அங்க படகுக்குத் தனிக் காசு. ரயில் சந்தைல இருபது நிமிசம். ரயில் போச்சோ இல்லியோ வேன்ல ஏறச் சொல்லிட்டாங்க. எங்க நைனாக்கு மூட்டு வலி, வேகமா நடக்க முடியாம சந்தை நடுவுல நின்னுகினு இருந்தாரு. வேன் டிரைவர் ஆரன் அடிச்சுகினே இருந்தான். அம்பாவா சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் மத்தியானத்துக்கு மேலன்னு திரும்பி வந்த பின்னால தெரிஞ்சிக்கினேன். பணம் கட்டறதுக்கு முன்ன எந்தச் சந்தைன்னு பேரைக் கேளுங்க.

குடியாத்தம் வாத்தியார்:

நல்ல இழை. தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம்.

அம்பாவாவில் பிறந்தவர் தாய்லாந்தின் இரண்டாம் ராமா மன்னர். பிறந்தது 1767, ஆண்டது 1809 முதல் 1824 வரை. அவருக்கு அங்கே நினைவுப் பூங்கா இருக்கிறது, பழைய தாய்லாந்து பாணி வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர் பெரும் புலவர். கூத்தில் ஆடுவதற்காக ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், அவர் கையால் மறுபடி எழுதப்பட்டது. அதில் இராவணன் பெயர் தோட்சகான். தசகண்டன், பத்துக் கழுத்து உடையவன். கதையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் உச்சரிப்பை மட்டும் ஊருக்குத் தக்க மாற்றிக்கொண்டார்கள்.

அம்பாவாவிலேயே வாட் சுலாமணி என்ற கோயிலில் தாவ் வெஸ்சுவான் என்று ஒருவருக்குக் கூட்டம் அலைமோதுகிறது. கையில் கதாயுதத்தோடு நிற்கும் யட்சன். யாரென்று பார்த்தால் வைஸ்ரவணன், நம் குபேரன். சிவப்பு ரோஜா வைத்து வேண்டிக்கொள்கிறார்கள்.

தம்பி "கடல் ஏறுது, வத்துது" என்று எழுதியதற்குத் தமிழில் ஓதம் என்று நல்ல சொல் உண்டு. உள்நாட்டுக்காரர்களான நமக்கு வாயில் வராமல் போய்விட்டது.

இன்னொன்று. அம்பாவா பக்கத்தில் தா கா என்ற மிதக்கும் சந்தை சந்திரனைப் பார்த்துக் கூடுகிறது. வளர்பிறையிலும் தேய்பிறையிலும் 2, 7, 12-ஆம் நாள். நம் கணக்கில் ஏறக்குறைய துவிதியை, சப்தமி, துவாதசி. அந்த நாட்களில்தான் படகு ஓட்டத் தோதான நேரத்தில் கால்வாயில் தண்ணீர் நிற்கும். இப்போது வருகிறவர்களுக்காகச் சனி, ஞாயிறும் கூடுகிறதாம். நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டியே அந்தச் சந்தைக்கு நாள் குறிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கோபுரவேலை:

கோயில் திருப்பணி வேலை செய்யறவன் நான். பாங் குங் படத்தைப் பார்த்து தூக்கமே வரலை. நம்ம ஊர்ல கோபுரத்துல ஒரு ஆலங்கன்னு முளைச்சா எங்களைக் கூப்பிடுவாங்க. இலையைக் கிள்ளினா போதாது, வேர் இடுக்குல இருந்தா திரும்பத் துளிர்க்கும். சுதையை உடைச்சு வேரோட எடுத்துட்டு, திரும்பச் சுண்ணாம்பு பூசணும். விட்டா அஞ்சாறு வருஷத்துல கல்லையே நகர்த்திடும். கோட்டை மதில்லயும் அதே கதைதான். அங்க மட்டும் எப்படி வேரு சுவரைத் தாங்குது?

விரிஞ்சைமதில்:

நான் பார்த்ததைச் சொல்றேன், காரணம் நீங்கதான் சொல்லணும். செங்கல் கட்டடம், சின்னது, நம்ம கிராமத்து அம்மன் கோயில் முன்மண்டபம் அளவுதான் இருக்கும். வேர் சுவரைத் துளைச்சு உள்ள வரலை. வெளிப்பக்கமா கூடை பின்னின மாதிரி கீழ இறங்கி மண்ணைப் பிடிச்சிருக்கு. ஒரு இடத்துல பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியுது. அந்தச் செங்கல்லை வேர் பக்கவாட்டுல அணைச்சு நிறுத்தியிருந்துச்சு. கையை வெச்சுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துது.

கோபுரவேலை:

அப்போ சரி. கூரைக்கு மேல விழுந்த விதை வெளியாலயே இறங்கி மண்ணைத் தொட்டிருந்தா பாரம் மண்ணுக்குப் போயிடும். இடுக்குல புகுந்து பருத்தாதான் பிளக்கும். இப்ப அந்த மரத்தை வெட்டினா சுவரும் சேர்ந்து வந்துடும். கைவைக்காம விட்டாங்களே, பெரிய புத்தி.

ராணிப்பேட்டையான்:

எல்லாரும் தண்ணியைப் பத்தியே எழுதறதால நான் இதைச் சொல்லியாகணும். அங்க ஓதம் இருக்கு, இங்க மழைதான் ஆறு. நந்தி மலையில பிறந்து மூணு மாநிலம் கடந்து வர்ற பாலாறு இயற்கையாவே வருஷம் முழுக்க ஓடற ஆறு இல்லை. ஆனா மணல் அடியில ஊத்து இருந்துது. எங்க தாத்தா காலத்துல கையால தோண்டினா தண்ணி. மணலை அள்ளினோம், தோல் கழிவை விட்டோம். 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தினவனே பொறுப்புன்னு தீர்ப்பு கொடுத்தது நம்ம வேலூர் வழக்குலதான். 2025 ஜனவரி 30-ல திரும்பவும் ஒரு தீர்ப்பு. நானும் தோல் தொழில்ல சம்பளம் வாங்கி வளர்ந்த வீடுதான், அதனாலதான் அழுத்திச் சொல்றேன். அங்க போய் அழகா இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வராதீங்க, எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க.

விரிஞ்சைமதில்:

அண்ணே, ஒத்துக்கறேன். கொஞ்சம் பார்த்தேன், எழுதறேன்.

அவங்க ஊரை "மூணு தண்ணி ஊர்"னு சொல்றாங்க: உப்பு, ரெண்டும் கலந்தது, நல்ல தண்ணி. தோப்புல மேடு, பள்ளம், மேடு, பள்ளம்னு வரப்பு. தென்னையும் பம்ப்ளிமாஸும் மேட்டுல, பள்ளத்துல கால்வாய்த் தண்ணி. வாய்க்கால் வாயில ஒரு அடைப்பு. உப்பு ஏறினா சாத்திடறாங்க, நல்ல தண்ணி வந்தா திறந்து விடறாங்க. நாங்க தங்கின வீட்டுக்காரர் காலையில பல் விளக்கறதுக்கு முன்னாடி ஒரு விரலைத் தண்ணியில நனைச்சு நாக்குல வெச்சுப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் அடைப்புக்கிட்ட போனார்.

தென்னம்பாளையைச் சீவி இறக்கிற பதநீர்லேருந்து சர்க்கரை காய்ச்சறாங்க. நம்ம பக்கம் பனையில கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவோம், புளிக்காம இருக்க. அவங்க ஒரு மரத்துச் செதிளை உள்ள போடறாங்க. அம்மா அதைக் கேட்டுட்டு "சுண்ணாம்பை சிப்பிக்கு வெச்சுக்கிட்டாங்க போல"ன்னாங்க.

அங்கயும் குறை இருக்கு. ஆத்தோரம் நிக்கிற ஒரு வகை மரத்துல ராத்திரி மின்மினி மொய்க்குது, ஆயிரக்கணக்குல, ஒரே தாளத்துல மின்னுது. அதைக் காட்ட இன்ஜின் படகு விட்டு விட்டு, கரையோர வீட்டுக்காரங்க தூக்கம் கெட்டு, சிலர் அந்த மரத்தையே வெட்டினதும் நடந்திருக்கு. போறவங்க துடுப்புப் படகு கேட்டுப் பாருங்க. டார்ச் அடிக்காதீங்க. பௌர்ணமியை ஒட்டிப் போனா சரியாத் தெரியாது.

திருப்பத்தூர்ப் பேரன்:

ஒரு விஷயம் யாரும் சொல்லலை. மேக்லோங் ஆறு காஞ்சனபுரியில பிறக்குது, குவாய் ஆறுங்க ரெண்டும் அங்க சேர்ந்துதான் மேக்லோங். 1942, 43-ல ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் அந்தக் கரையிலதான். மலாயா ரப்பர் தோட்டத்துலேருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரம் பேர் அங்க செத்தாங்க. வட ஆற்காட்டுலேருந்து மலாயா போன குடும்பம் எத்தனையோ. எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி அதுல ஒருத்தர். தோட்டத்துலேருந்து சயாமுக்கு ஏத்தினாங்கங்கற வரைக்கும்தான் வீட்டுல தகவல், அப்புறம் இல்லை. திதி கொடுக்க நாள்கூடத் தெரியாம மகாளய அமாவாசையில கொடுக்கறோம். நீங்க அம்மா பூவை விட்டாங்கன்னு எழுதினதைப் படிச்சேன். மேல்நோக்கித்தான் போச்சுன்னும் எழுதியிருக்கீங்க. என் தரப்புல அம்மாவுக்கு ஒரு கும்பிடு சொல்லுங்க.

விரிஞ்சைமதில்:

படிச்சுக் காட்டினேன் தம்பி. அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அவர் பேர் என்னன்னு கேட்டு வாங்கச் சொன்னாங்க, இங்க வேண்டாம், தனிமடல்ல அனுப்புங்க. வர்ற அமாவாசைக்கு எங்க வீட்டுலயும் எள்ளும் தண்ணியும் இறைக்கறோம்.

வார்டுநிலா:

நர்ஸா இருக்கேன். ஒட்டிப் பிறந்த குழந்தைங்களை "சயாமிய இரட்டையர்"னு சொல்றோமே, அந்தப் பேர் வரக் காரணமான சாங், எங் ரெண்டு பேரும் 1811-ல இந்த ஊர்லதான் பிறந்தாங்க. அவங்களுக்குச் சிலை இருக்கு.

சத்துவாச்சாரி அம்மு:

அண்ணே, முடிவு பண்ணிட்டோம், பிப்ரவரியில ஒரு வெள்ளி, சனி. விசா பத்தி அப்புறம் தூதரகப் பக்கத்துலயே பார்த்துக்கறேன், விதி மாறிக்கிட்டே இருக்கு. ஒரே கவலை மாமனார். 74 வயசு, முட்டி மடக்க முடியாது. படகுல ஏத்த முடியுமா?

விரிஞ்சைமதில்:

முடியும்மா, நேரம் பார்த்து ஏத்துங்க. தண்ணி ஏறியிருக்கும்போது படகு விளிம்பு படித்துறைக்குக் கிட்டத்தட்ட சமமா நிக்கும், ஒரு எட்டு வெச்சா போதும். வத்தினப்புறம் போனா பாசி பிடிச்ச படியில அஞ்சாறு இறங்கணும், அவரால முடியாது. முந்தின நாளே வீட்டுக்காரங்ககிட்ட "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஏறும்"னு கேளுங்க, விரல்ல காட்டிடுவாங்க. ஏறும்போது மட்டும் இல்லை, இறங்கும்போதும் தண்ணி இருக்கணும். ஒரு மணி நேரத்துக்கு மேல சுத்த வேண்டாம். அவரை நடுப்பலகையில உட்கார வைங்க, முதுகுக்கு ஒரு தலையணை கேட்டா தருவாங்க.

காட்பாடி மீட்டர்கேஜ்:

பான் லேம் வண்டியில் படி உயரம், அம்மா. மாமனாரை மேக்லோங் கடைசி நிலையத்தில் ஏற்ற வேண்டாம், அங்கே கூட்டம் தள்ளும். ஆசை இருந்தால் பான் லேமிலேயே முன்கூட்டிப் போய் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.